செங்கோட்டைப் பக்கத்துப் பழைய ஹோட்டல் கட்டடங்களைப் படிக்கும் முறை

செங்கோட்டை, தென்காசி, புளியரைப் பக்கம் ஏதாவது ஒரு ஹோட்டல் போர்டில் ‘துவக்கம் 1938’ என்று எழுதியிருந்தால், அது பேரின் வயது. சுவரின் வயது வேறு. இந்த ஊர்களில் ஒரு ஹோட்டல் பேர் ஒரு கட்டடத்தில் பிறந்து, இன்னொன்றில் வளர்ந்து, மூன்றாவதில் மூடப்படுவது சாதாரணம். வாடகைக் கெடு முடியும், ஒற்றி மீட்கப்படும், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஒருவருக்குக் கட்டடம், ஒருவருக்குப் பேர் என்று போகும். ஆகவே பழைய ஹோட்டல் ஒன்றின் வரலாற்றை எழுதப் போகிறவர் இரண்டு கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். சமைத்தவர்களின் கணக்கு ஒன்று, செங்கலின் கணக்கு ஒன்று. முதலாவதற்கு ஆட்களைக் கேட்கலாம். இரண்டாவதற்குக் கட்டடத்தைத்தான் கேட்க வேண்டும். அது தெரியாமல்தான் ஒவ்வொன்றாக இடித்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டிய ஒரு போட்டோவை மட்டும் வரலாறு என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஹோட்டல் என்றால் முதலில் சாப்பாட்டுக் கடை. மாடியில் நாலைந்து ரூம் இருந்தால் அது கூடுதல். தெருமுகம் 20 அடி, உள்நீளம் 80, 100 அடி என்று ரயில் பெட்டி போல ஓடும் மனை. முன்னால் கல்லா, பலகாரக் கண்ணாடி அலமாரி, டீ பாய்லர், நடுவில் ஹால், அதன் பின் ஒரு திறந்த முற்றம் அல்லது சந்து, அப்புறம் அடுக்களை, கிணறு, விறகுப்புரை, கடைசியில் எச்சில் இலை வெளியே போக ஒரு பின்வாசல். 1904-ல் ஆரியங்காவு மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியதும் ஸ்டேஷன் ரோடுகளில் இந்த வடிவம் வேரூன்றியது. பின்னால் மர டிப்போக்களும் லாரிகளும் பிரானூர், புளியரைப் பக்கம் அதை இழுத்துக்கொண்டு போயின.

எல்லை என்பதை மறக்கக் கூடாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. 1949 ஜூலைக்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி. எட்டு கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் தென்காசி சென்னை மாகாணம். ஒரே கொத்தனார் இரண்டு ஊரிலும் கட்டியிருப்பார். சுண்ணாம்பு ஒன்று, மரம் ஒன்று. ஆனால் பத்திரம், ஆண்டுக்கணக்கு, நாணயம், சட்டம் எல்லாம் இரண்டு. தென்காசிக் கட்டடத்துக்குச் செல்லும் முறையை அப்படியே செங்கோட்டைக்குக் கொண்டுபோனால் தேதிகள் பத்து இருபது வருஷம் கூடத் தவறும்.

பார்க்க வேண்டிய வரிசை பின்னாலிருந்து முன்னால். முகப்பு ஒவ்வொரு புது வாடகைக்காரரோடும் மாறும். ஹால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட், டைல்ஸ் என்று புதுசாகும். அடுக்களையை மட்டும் யாரும் தொடுவதில்லை. தொட்டால் வியாபாரம் நின்றுபோகும். அதனால் எண்பது வருஷத்துத் தடயம் அப்படியே அங்கே கிடக்கும். புதுப்பிக்கிறேன் என்று இறங்கும்போது முதல் நாள் காலையில் இடிபடுவதும் அதுதான். கடப்பாரை விழும் முன் ஒரு முழு நாளை அடுக்களைக்கு ஒதுக்க வேண்டும்.

சுவரில் முதலில் மஞ்சள் கறையைத் தேடுங்கள். விறகடுப்பின் கரி வெறும் கறுப்புத் தூள் அல்ல. அதில் தார் இருக்கிறது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தத் தார் ஈரம் பட்டதும் மேலே ஊறி, காப்பிக் கறை போலப் பழுப்பு மஞ்சளாக வெளியே வரும். ஆடி மாதச் சாரலில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கறை அடுப்பு இருந்த இடத்துக்கு நேர் மேலே நடுவில் கெட்டியாகவும், மேலே போகப் போக விரிந்தும் இருக்கும். ஒரு சுவரில் இப்படி விரிந்த கறை மூன்று தெரிந்தால் மூன்று அடுப்பு. நடுக்கோட்டைக் கீழே இறக்கித் தரையைத் தட்டிப் பார்த்தால் அடுப்பு மேடையின் அடித்தளம் வேறு சத்தம் கொடுக்கும். கறை தொடங்கும் உயரமும் பேசும். முழங்கால் உயரத்தில் தொடங்கினால் அண்டா ஏற்றிய சோற்றடுப்பு, இடுப்பு உயரத்தில் தொடங்கினால் நின்றுகொண்டு தோசை சுட்ட கல். சோற்றடுப்பு இரண்டும் தோசைக்கல் ஒன்றும் இருந்தால் அது சாப்பாட்டு ஹோட்டலாகப் பிறந்தது. கணக்கு தலைகீழாக இருந்தால் காபி கிளப்பாகப் பிறந்து பின்னால் மதியச் சாப்பாடு போட்டது. போர்டில் எழுதியதைவிட இது நம்பகமான சாட்சி.

இந்தக் கறையின் மேல் நேரடியாக எமல்ஷன் அடிப்பது இங்கே எல்லாரும் செய்யும் தவறு. ஒரு மழைக்காலம் தாங்காது. கறை வராமல் இருக்க வேண்டுமென்றால் அரக்குப் பூச்சு ஒரு கை கொடுத்து அடைக்க வேண்டும், அல்லது அந்த இடத்துப் பூச்சைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பிலேயே திரும்பப் பூச வேண்டும். சுரண்டும் முன் ஒரு அடிக்கு ஒரு அடியாவது போட்டோ எடுத்து, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று குறித்துவிடுங்கள்.

தரையில் அடுத்து தேட வேண்டியது வட்டங்கள். சுமார் 2 அடி விட்டத்தில், சுற்றியுள்ள தளத்தைவிட வேறு நிறச் சிமெண்டில் ஒரு வட்டம் தெரிந்தால் அங்கே ஆட்டுரல் பதிந்திருந்தது. மின்சார கிரைண்டர் வந்த அன்று உரலைப் பெயர்த்து முற்றத்தில் போட்டுவிட்டுக் குழியை அடைத்திருப்பார்கள். இரண்டு வட்டம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அரிசிக்கும் உளுந்துக்கும் தனி உரல் ஓடிய பெரிய கடை. பெயர்த்த உரல் பெரும்பாலும் அதே வளாகத்தில்தான் கிடக்கும். கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகக் கவிழ்ந்திருக்கும். புரட்டிப் பாருங்கள்.

அப்புறம் தலைக்கு மேலே. அடுக்களைக்கு மெத்தை, அதாவது தட்டையான தளம், போட மாட்டார்கள், ஓடுதான். புகை ஓட்டிடுக்கில் தானாக வெளியேறும், மீதி முகட்டில் ஏற்றிக் கட்டிய புகைக்கூண்டு வழியாகப் போகும். கூண்டின் மேற்கு முகம் பலகை வைத்து அடைபட்டு, கிழக்கு முகம் மட்டும் சட்டமிட்டுத் திறந்திருந்தால் காரணம் ஆரியங்காவுக் கணவாய். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து சாரலும் காற்றும் அந்த இடைவெளி வழியாக நேரே வந்து இறங்கும்; மேற்கைத் திறந்து வைத்தால் புகை திரும்ப அடுக்களைக்குள்ளேயே விழும். இப்படிச் செய்திருந்தால் உள்ளூர்த் தச்சர் வேலை. நாலு பக்கமும் ஒரே மாதிரி திறந்திருந்தால் வெளியூர்ப் படத்தைப் பார்த்துக் கட்டியது.

ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் கறுத்து, பளபளப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் புகைப்படலம்தான் அவற்றைக் கரையானும் வண்டும் அரிக்காமல் காத்தது. 19 கிலோ வணிக சிலிண்டர் வந்து விறகு நின்றதும் என்ன நடந்தது என்றால், புகைக்கூண்டைத் தகரம் வைத்து மூடினார்கள். புகை நின்றது, நீராவி நிற்கவில்லை. சோறு வடிக்கும் ஆவியும் சாம்பார் ஆவியும் எண்ணெய்ப் புகையும் வெளியேற வழியில்லாமல் ஓட்டின் அடியில் குளிர்ந்து நீராகி, கைமரத்தின் கீழ்நுனிக்கு இறங்கியது. விறகில் 60, 70 வருஷம் தாங்கிய மரம் காஸ் வந்த பத்து பதினைந்து வருஷத்தில் உளுத்துப்போவதற்கு இதுதான் காரணம். மரத்தைக் குறை சொல்லிவிட்டுத் தகர ஷீட் போடுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது கூண்டைத் திறப்பது. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தாலும் கூண்டு திறந்தே இருக்கட்டும்.

ஓட்டைக் கீழே இறக்கினால் அடிப்பக்க முத்திரையைப் படியுங்கள். இங்கேயும் ஆண்டு ஏமாற்றும். ‘பாசல் மிஷன்’ முத்திரையோடு 1865 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, கட்டடம் 1865-ல் கட்டியது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மங்களூரில் அந்த ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு. ஓடு சுட்ட ஆண்டு அல்ல. முதல் உலகப் போரில் பாசல் மிஷனின் ஆலைகள் கைமாறி, போருக்குப் பிறகு காமன்வெல்த் பேரில் ஓடத் தொடங்கின. ஆகவே ‘காமன்வெல்த்’ முத்திரை என்றால் போருக்குப் பிந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். கொல்லத்து ஆலை ஓடுகளும் இங்கே நிறைய வந்திருக்கின்றன. ரயில் நேரே இருந்தது. ஒரே ஒரு ஓட்டைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. நீளத்துக்குப் பத்து, அகலத்துக்குப் பத்து என்று நூறு ஓட்டை எண்ணி, எந்த முத்திரை எத்தனை என்று எழுதுங்கள். அதிகம் இருப்பது முதல் கூரை. அங்கங்கே ஒன்றிரண்டு இருப்பது காற்றில் பறந்ததற்கு மாற்றியது. ஒரே மூலையில் கூட்டமாக வேறு முத்திரை இருந்தால் அந்த மூலையில் மரமோ கிளையோ விழுந்திருக்கும், அல்லது புகைக்கூண்டைப் பிரித்திருப்பார்கள்.

கூரையைத் திரும்ப மேய்வதற்குக் கணக்கு இது. மங்களூர் ஓடு சுமார் 41 சென்டிமீட்டர் நீளம், 23.5 அகலம், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15. அடுக்களை 20-க்கு 30 அடி, சரிவு 30 பாகை என்று வைத்தால் சரிவுப் பரப்பு ஏறக்குறைய 690 சதுர அடி, அதாவது 64 சதுர மீட்டர். ஓடு 960 வரும். உடைசலுக்கு நூறு சேர்த்தால் 1060. முகட்டு ஓடு தனி. ஒரு ஓடு இரண்டரைக் கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 37, 38 கிலோ. சாரல் மாதங்களில் ஓடு தண்ணீர் குடித்து இன்னும் ஐந்தாறு கிலோ ஏறும். பழைய ஓட்டையும் புது ஓட்டையும் ஒரே சரிவில் கலக்காதீர்கள். பள்ளமும் மேடும் ஆலைக்கு ஆலை கொஞ்சம் வேறு. ஒன்றோடொன்று உட்காராது, இடுக்கில் தண்ணீர் ஏறும். கலக்கத்தான் வேண்டும் என்றால் சாரல் அடிக்கும் மேற்குச் சரிவுக்கு ஒரே முத்திரை ஓட்டைச் சேர்த்து வையுங்கள், கலப்படம் கிழக்குச் சரிவுக்குப் போகட்டும். ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரைப் பழைய இடைவெளியிலேயே அடிக்காமல் புது ஓட்டை ஒன்று வைத்து அளந்து அடிக்க வேண்டும். அரை அங்குலம் தவறினாலும் கடைசி வரிசை முகட்டை எட்டாது.

ஹாலுக்கு மேலே பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு, வேங்கை, தம்பகம் என்று மலையில் கிடைத்த உறுதியான மரத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டம், அதன்மேல் ஓரங்குல கனமுள்ள சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக, குறுக்காகச் சாய்த்துச் சுண்ணாம்பில் வைத்த வரிசை, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் போட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கியது, மேலே தட்டோடு. தட்டும்போது கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போவார்கள். இதில் ஒழுகல் வந்தால் இன்றைய வைத்தியம், மேலே ஓரங்குலம் சிமெண்ட் கலவை. அந்த ஓரங்குலம் சதுர மீட்டருக்கு 60 கிலோ. நூறு சதுர அடிக்கு அரை டன்னுக்கு மேல். ஏற்கெனவே நுனி உளுத்த சட்டத்தின் மேல் அதை ஏற்றுகிறோம். தவிர, சுண்ணாம்புத் தளம் குடித்த தண்ணீரை வெயிலில் மேலேயே விட்டுவிடும். சிமெண்ட் மூடியதும் அந்தத் தண்ணீர் கீழே மரத்தைத் தேடி இறங்கும். இப்படிப் போட்ட தளங்களில் ஒழுகல் ஒரு வருஷம் நிற்கும், பிறகு முன்னைவிட அதிகமாக வரும்.

சட்டத்தின் உடம்பு நன்றாக இருக்கும், உயிர் அதன் நுனியில் இருக்கிறது. சுவருக்குள் புதைந்த நுனிதான் முதலில் போகும், அதிலும் மேற்குச் சுவர் நுனி. திருப்புளியைச் சுவரை ஒட்டி மரத்தின் அடியில் வைத்து அழுத்துங்கள். கால் அங்குலம் போய் நின்றால் பயமில்லை. ஓரங்குலம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தச் சட்டத்துக்கு அன்றே முட்டுக் கொடுக்க வேண்டும். முழுச் சட்டத்தையும் உருவ வேண்டியதில்லை. உளுத்த நீளத்தை வெட்டி, சுவரில் இரும்பு ஆங்கிள் பதித்து நல்ல மரத்தை அதன்மேல் உட்கார வைத்தால் போதும்.

சட்டத்துக்கு நடுவே குறுக்காக இரும்பு இருந்தால் அதையும் படிக்க வேண்டும். ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய தண்டவாளத்தை உத்திரமாகப் போடுவது ரயில் ஓடிய ஊர்களில் வழக்கம். தண்டவாளத்தின் இடுப்பில் உருட்டிய ஆலையின் பேரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சுண்ணாம்புக்கட்டியைப் படுக்க வைத்து உரசினால் எழுத்து வெள்ளையாக எழும். அந்த ஆண்டுக்கு முன்னால் அந்த உத்திரம் போட்டிருக்க முடியாது, அவ்வளவுதான் அது சொல்லும். தண்டவாளமாக ஓடிய காலத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ‘டாடா’ என்று இருந்தால் 1912-க்குப் பின். ஜாம்ஷெட்பூரில் எஃகு ஊற்றத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். சிமெண்டுக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது 1949. அதற்கு முன் இந்தப் பக்கத்துச் சாதாரணக் கட்டடங்களில் சிமெண்ட் அபூர்வம். ஹால் சுவரில் ஆணி இறங்காமல் துள்ளினால் அந்தப் பூச்சு பெரும்பாலும் பிற்காலத்தது. மணலாக உதிர்ந்து வழிவிட்டால் சுண்ணாம்பு.

அடுத்தது ஹால். இங்கே பார்க்க வேண்டியது தரையில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருந்தது.

பழைய ஹால்களில் பல ஒரே ஹாலாக இருந்ததில்லை. குறுக்கே நாலரை அங்குல அரைக்கல் தடுப்பு ஒன்று இருந்திருக்கும். பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். தடுப்பை இடித்த பிறகு காவித் தரையில் நாலரை முதல் ஆறு அங்குல அகலத்தில், சற்று வேறு சிவப்பில் ஒரு பட்டை நிற்கும். அதன் இரண்டு முனையிலும் பக்கச் சுவரைத் தட்டுங்கள். வரிசைக்கு வரிசை செங்கல் பல் வெட்டி அடைத்த தடம் தெரிந்தால், தடுப்பு மூலக் கட்டடத்தோடு சேர்த்தே எழுப்பியது: கட்டும்போதே பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். பல் இல்லாமல் நேர்கோடாக ஒட்டியிருந்தால் பின்னால் வைத்தது. அடுக்களைக்கு இரண்டு வாசல் இருப்பதும், அதில் ஒன்று அடைபட்டிருப்பதும் இதோடு சேர்ந்த தடயம். கை கழுவும் இடம் முற்றத்தில் இரண்டு மூலையில் இரண்டாக இருப்பதும் அப்படித்தான்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்கூட உட்கார இடம் இல்லாதவர்கள் இருந்தார்கள். அதற்கான தடயம் ஹாலில் இருக்காது. பக்கச் சந்துச் சுவரில், தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் அடைத்த ஓட்டை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கம் அதை ஒட்டி ஒரு சின்ன மாடமோ நீட்டிய கல்லோ இருந்தால், தனித் தம்ளர் கவிழ்த்து வைத்த இடம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜன்னல் அடைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஜன்னலுக்கு மேலே நிலைச்சட்டமும் வெளிச்சம் வரும் உயரமும் இருக்கும்; இது பொருள் கை மாறும் உயரத்தில், சட்டம் இல்லாமல், பலகைக் கதவின் முளைக்குழி ஒன்றோடு இருக்கும்.

சட்டத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தடுப்பு எப்போது விழுந்திருக்கும் என்று நெருங்கலாம். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12. சென்னை மாகாணத்தில் சமூக இயலாமைகள் ஒழிப்புச் சட்டம் 1938. 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு உணவகங்களையும் ஹோட்டல்களையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955. சட்டம் வந்த அன்றே சுவர் விழுந்துவிடவில்லை. அடைத்த செங்கலும் கலவையும் சுண்ணாம்பா சிமெண்டா என்று பாருங்கள். மேலே சொன்ன 1949 கோடு இங்கே உதவும். தரைப் பட்டையை மொசைக் மூடியிருந்தால் மொசைக்குக்கு முந்தியது. உரிமையாளர் குடும்பங்கள் சில நேரம் இந்தப் பக்கத்தை எழுத வேண்டாமே என்று கேட்பதுண்டு. எழுதத்தான் வேண்டும். எந்த நெய் ரோஸ்ட் பேர் பெற்றது என்று எழுதிவிட்டு, யார் எங்கே நின்று அதை வாங்கினார்கள் என்பதை விட்டுவிட்டால் அது பாதிக் கட்டடத்தின் வரலாறு. மறு டைல்ஸ் போடும்போது அந்தப் பட்டையை அகலம், நீளம், இடம் அளந்து ஒரு வரைபடத்தில் குறித்துவிடுங்கள். முடிந்தால் ஒரு அடி நீளமாவது மூடாமல் விடுங்கள்.

முன்புறம் அதிகம் மாறியது பரோட்டாவால். 1942-ல் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றதும், அதை நம்பியிருந்த திருவிதாங்கூர்ப் பக்கம் மரவள்ளிக்கும் கோதுமைக்கும் பழக வேண்டி வந்தது. அது அடுக்களைக்குள்ளேயே முடிந்த மாற்றம். பரோட்டாக் கல் அப்படி அல்ல. அது வாசலுக்கு வந்தது. வீசுவதும் அடிப்பதும் கொத்துவதும் ரோட்டுக்குத் தெரியவும் கேட்கவும் வேண்டும். ஆகவே முன்தூணை ஒட்டி அடுப்பு கட்டினார்கள். அந்தத் தூணின் உட்பக்கப் பூச்சு வெந்து, தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும். மேலே இரும்பு உத்திரம் இருந்தால் சூட்டில் நீண்டு சுருங்கி, உட்காரும் இடத்தில் சுவரைக் கீறியிருக்கும். கல்லை ஒன்றரை அடி தள்ளி வைத்து, நடுவே காற்றுப் போக இடம் விட்ட ஒரு கல் வரிசை எழுப்பினாலே தூண் பிழைக்கும்.

மாடி ரூம்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. படிக்கட்டுக்குத் தெருவிலேயே தனி வாசல் இருந்தால் லாட்ஜாகவே கட்டியது. ஹாலுக்குள்ளிருந்து ஏறினால் முதலாளி குடும்பமோ சரக்கு மாஸ்டரும் சப்ளையர்களுமோ தங்கியது.

காகிதத்துக்கு வருவோம். முகப்பில் ஆண்டு பொறித்திருந்தால் அது திருவிதாங்கூரில் புழங்கிய கொல்லம் ஆண்டாக இருக்கலாம், அதுவும் தமிழ் எண்ணில். ‘௲௱௰௨’ என்பதை எழுத்து என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆயிரம், நூறு, பத்து, இரண்டு: 1112. எல்லாக் கொல்லம் ஆண்டுக்கும் 825 கூட்டுவது பாதி சரி. ஆவணி தொடங்கி மார்கழி நடுவரை 824 கூட்ட வேண்டும், அதற்குப் பின் ஆடி முடியும்வரை 825. ஆக 1112 என்பது 1936 ஆவணியில் தொடங்கி 1937 ஆடியில் முடிந்த ஆண்டு. கோயில் கதவுகள் திறந்த அதே ஆண்டு. அந்த ஆண்டு பொறித்த கட்டடத்தில் தடுப்புச் சுவர் பல் வெட்டி மூலச் சுவரோடு எழுந்திருந்தால், அதற்குமேல் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

பத்திரத்தில் தேட வேண்டியது விலையை அல்ல, நாலெல்கையையும் (நாலு பக்கத்து எல்லை) சொத்து விவரத்தையும். ஒரு பத்திரத்தில் ‘காலி மனை’ என்றும், அடுத்ததில் ‘ஓலைப்புரை’ என்றும், அதற்கடுத்ததில் ‘ஓட்டுக் கட்டடம்’ என்றும் இருந்தால், கட்டடம் கடைசி இரண்டுக்கும் நடுவில் எழுந்தது. எல்கையில் ‘ஸ்டேஷன் ரோடு’ என்று வந்தால் 1904-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ. திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரத்தில் சங்கு முத்திரை இருக்கும், சில இடங்களில் மலையாள மேலெழுத்தும் இருக்கும். கேரளப் பக்கத்து ஆவண எழுத்தர் ஒருவர் அரைமணியில் படித்துச் சொல்லிவிடுவார். தொகை திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தில் இருந்தால் 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், 16 காசு ஒரு சக்கரம். ‘பிரிட்டிஷ் ரூபாய்’ என்று எழுதியிருந்தால் அது 28 சக்கரம் 8 காசு. வாடகைச் சீட்டுகளை ஒப்பிடும்போது இந்த அரைச் சக்கரத்தை விட்டால் கூட்டல் ஒருபோதும் ஒத்துவராது.

சர்வே எண்தான் எல்லாரையும் நிறுத்திவிடும் இடம். 1956-க்கு முந்திய பத்திரத்தில் இருப்பது திருவிதாங்கூர் செட்டில்மெண்ட் எண், தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்), பகுதிப் பேர் (வருவாய்க் கிராமத்தின் பேர்). இன்றைய பட்டாவில் இருப்பது தமிழ்நாட்டு அளவை எண். பழைய எண்ணைக் கொண்டு வில்லங்கம் போட்டால் ஒன்றும் வராது. ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தாலுகா அலுவலகத்தில் பழைய எண், புது எண் ஒப்பீட்டுப் பதிவைக் கேட்டு, இரண்டையும் ஒரு தாளில் இணைத்துவிட்டுத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு கொடுக்க வேண்டும். கணினியில் வராத ஆண்டுகளுக்குக் கைத்தேடல் கேளுங்கள். நகராட்சி வீட்டுவரிப் பதிவேட்டில் கதவிலக்கம் மாறியிருக்கும். இரண்டு பக்கத்து வீட்டு இலக்கங்களையும் சேர்த்துத் தேடினால் வரிசை பிடிபடும். இங்கே கிடைக்காத ராஜ்ய காலத்துத் தாள்களுக்குத் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியிருக்கும். போகும்போது பகுதிப் பேரும் கொல்லம் ஆண்டும் கையில் இருக்க வேண்டும்.

2010 செப்டம்பரில் புனலூர்ப் பக்கம் மீட்டர்கேஜ் நின்று, 2018-ல்தான் அகலப்பாதையாகத் திரும்ப ஓடியது. அந்த இடைவெளியில் வரும்படி குறைந்து புதுப்பிக்கப் பணம் இல்லாமல் விட்ட கட்டடங்களில்தான் அடுக்களையும் தரையும் கெடாமல் மிச்சம் இருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச் சாவடிகள் போனதும், லாரிகள் வரிசையில் காத்திருந்த நேரமும் போயிற்று. அதை நம்பியிருந்த ரோட்டோரக் கடைகளுக்கும் இதே கணக்குத்தான். இப்போது ரோடு அகலமாகிறது, இடத்தின் விலை ஏறுகிறது. முதலில் போகப் போவது இந்த மிச்சங்கள்தான்.

வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் காய்ந்திருக்கும், சுண்ணாம்பு பூசினால் சாரலுக்கு முன் இறுகிவிடும். நீற்றிய சுண்ணாம்பை குறைந்தது 15 நாள் தண்ணீருக்கடியில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, பூசியபின் ஒரு வாரம் ஈரம் காய விடாமல் சாக்கு நனைத்துப் போட வேண்டும். அவசரத்துக்கு அதில் சிமெண்ட் ஒரு கை போடுகிற கொத்தனாரிடம் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பூசும் முன் முகப்புக்கு ஒரு இரவு கொடுங்கள். ஃபிளெக்ஸ் போர்டைக் கழற்றி, தெருவிளக்கு அணைந்த நேரமாகப் பார்த்து, டார்ச்சைச் சுவரோடு படுக்க வைத்து ஓரத்திலிருந்து அடித்தால், பகலில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த கைப்பிடிச் சுவரில் பழைய எழுத்துகளின் விளிம்பு நிழலாக எழும். பூச்சில் புடைத்துச் செய்த எழுத்தானால் பேர் முழுசாக வரும். பெயின்டில் எழுதியதானால் தூரிகையின் கனம் மட்டும் வரும். ஒரு பேருக்கு அடியில் இன்னொரு பேர் தெரிந்தால், பிளேடால் ஓரங்குலச் சதுரம் படிப்படியாகச் சுரண்டி, ஈரத்துணியால் ஒற்றி, எந்த நிறத்துக்கு அடியில் எந்த நிறம் என்று மேலிருந்து எண்ணுங்கள். தமிழுக்குக் கீழே மலையாளம் வரலாம், மலையாளத்துக்குக் கீழே தமிழும் வரலாம். எழுத்தின் உயரத்தை அளந்து, அளவுகோலை வைத்துப் போட்டோ எடுத்து, அப்புறம் சுண்ணாம்படிக்கச் சொல்லுங்கள்.